மணிக்கட்டிலிருந்து வந்த பாட்டு

ஜியாயி கடற்கரைப் பக்கம் மேடை லாரிகளில் ஆடியும் பாடியும் பிழைப்பவர்கள் லியாவ் யூ-சின்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே போவார்கள். அவள் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒலி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மேடையில் பாடுகிறவரின் தொண்டையையே வெறித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைதான் அவர்களுக்கு ஆகாது. "யூ-சின் அக்கா முன்னாடி தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்கு, அதையும் நெஜமா முழுங்குறோமான்னு பாப்பா" என்று ஒரு பாடகி சொல்லிச் சிரித்தது ஊரெல்லாம் பரவியிருந்தது.

அவளுடைய அப்பா தேர்தல் காலத்தில் பிரசார வண்டிகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொடுப்பவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரோடு உட்கார்ந்து ஈயம் வைத்துக் கம்பி ஒட்டப் பழகியவள் யூ-சின். எந்தக் கட்சிக்காரன் பேச்சும் அவள் மனதில் நின்றதில்லை. எந்த ஒலிபெருக்கி கரகரத்தது என்பது மட்டும் நிற்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை ஒரு குரலில் விழுந்தாள். தூ செங்-யி என்ற பாடகனின் குரல். கோயில் திருவிழா ஒன்றில் கேட்டாள். அடுத்த குளிர்காலத்தில் அவனையே கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் கச்சேரியில் அவன் அவள் கையில் ஒரு டிஸ்க்கைத் திணித்தான். "நான் மைக்கைத் தூக்கினதும் இதைப் போட்டுடு."

போட்டுப் பார்த்தாள். இசையோடு குரலும் சேர்ந்தே வந்தது.

"இதுல பாட்டும் இருக்கே?"

"இருக்கட்டும்."

"உங்க குரல்தானே இது?"

அவன் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். "தைச்சுங்ல ஒரு ஆளு. அருமையாப் பாடுவான். ஆள்தான் பாக்கச் சகிக்காது."

பல வருஷம் அந்தப் பொத்தானை அவள்தான் அழுத்தினாள். "உன் வீட்டுக்காரருக்கு என்ன குரலும்மா!" என்று பந்திப் பெண்கள் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினாள். கடைசியில் அவன் பாட்டையும் விட்டான், அவளையும் விட்டான். இப்போது காவ்ஷியுங்கில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிறான் என்று கேள்வி. யூ-சின் அழவில்லை. ஆனால் ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாமல் போயிற்று.

அவள் வேலை செய்யும் மேடை லாரி பாங் என்பவருடையது. லாரியின் பக்கச்சுவர்கள் விரிந்து மேடையாகும். மேலே விளக்குகள் மயில் தோகைபோல எழும். ஒரு நாள் மதியம் வான்கோழிச் சோற்றுக் கடையில் பாங் பேச்சை எடுத்தார்.

"இந்த சீசனுக்குப் புதுசா ஒரு ஆளைப் போட்டிருக்கேன். வெய்-ஜென்."

"அந்த ஆட்டக்காரப் பொண்ணா? ரெண்டு வருஷமா ஆளையே காணோமே?"

"இப்ப வெறும் ஆட்டம் இல்லையாம். வாசிக்கிறாளாம்."

"என்ன வாசிக்கிறா?"

"போன்."

யூ-சின் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "போன்ல என்னத்த வாசிக்கிறது? செய்தியா?"

"கையில கட்டிக்கிட்டு ஆட்டுறா, பாட்டு வருது. நானே பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. சரி."

"உன் மூஞ்சியை இப்பவே கோணாத. ஜனங்களுக்குப் பிடிச்சா சரி."

வெய்-ஜென் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பதைத் தாண்டி சில வருஷம் ஆகியிருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே மேடை லாரி ஏறியவள். ஊர் ஊராக ஆடி முழங்கால் தேய்ந்தவள். சின்னப் பெண்கள் வர வர அவளைக் கூப்பிடுவது குறைந்தது. இடையில் தைனானில் ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இந்த வித்தையைக் கற்றதாகச் சொன்னாள். பையிலிருந்து ஒரு லேப்டாப், இரண்டு போன்கள், முழங்கால் பட்டியை வெட்டித் தைத்த இரண்டு மணிக்கட்டுப் பட்டிகள், கைக்கடக்கமான ஒரு வைஃபை பெட்டி எல்லாம் வெளியே வந்தன.

"இது எதுக்கு?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள் யூ-சின்.

"திருவிழாக் கூட்டத்துல எல்லார் போனும் சேர்ந்து அலையை அடைச்சுக்கும் அக்கா. அதான் எனக்குன்னு தனியா ஒண்ணு. உன் பிளக் பலகையில ஒரு ஓட்டை குடு."

"போன்ல பாட்டு எப்படி வருது?"

"போன்ல வராது. போனைச் சாச்சா படமும் கூடவே திரும்புதுல்ல? எந்தப் பக்கம் சாயுறோம், எவ்வளவு வேகமா வீசுறோம்னு அதுக்குத் தெரியும். அந்த அசைவை மிடிங்கிற சேதியா மாத்தி லேப்டாப்புக்கு அனுப்பும். இந்தச் சுரத்தைத் தொடங்கு, இதை நிறுத்து, இதை ஏத்து, அவ்வளவுதான் சேதி. சத்தம் லேப்டாப்புல இருக்கு. கட்டையில விரல் வைக்கிறதுக்குப் பதிலா நான் கையை வீசுறேன்."

"லேப்டாப்பை நான் கொஞ்சம் பாக்கலாமா?"

"வேணாம் அக்கா." சொல்லிக்கொண்டே வெய்-ஜென் அதை முக்கால்வாசி மூடி, மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டாள்.

அந்தத் துணி போதும் யூ-சின்னுக்கு. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். உள்ளே பாட்டு ஓடுகிறது. இவள் அதற்குக் கை ஆட்டுகிறாள். காலங்காலமாகச் செய்ததையே செய்துவிட்டு, புதுப் பெயர் வைத்திருக்கிறாள்.

மேடையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வலது கை உயர்ந்தால் குழலோசை ஒன்று கூடவே உயர்ந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் அது மூக்கடைத்துத் தேய்ந்தது, மறுபடி மலர்ந்தது. இடக்கையை வெட்டி இழுத்தால் மணிகள் உதிர்ந்தன. ஜனங்கள் பூசணி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யூ-சின் மட்டும் ஓட்டை தேடினாள். ஆட்டம் தொடங்குமுன் வெய்-ஜென் போன்களை மேடைப் பலகையில் வைத்து அசையாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது எதற்கு? சமதளம் எதுவென்று போனுக்குக் காட்டுகிறாளாம். யூ-சின்னுக்கு அது மந்திரவாதி கைக்குட்டையை உதறிக் காட்டுகிற மாதிரிதான் பட்டது. அப்புறம் அவள் முதுகைத் திருப்பி நின்றாலும் முழவுச் சத்தம் தன்பாட்டுக்கு ஓடுகிறதே, அது?

"தாளம் முன்னாடியே போட்டு வெச்சது. மறைக்கவே இல்லையே. மேல வர்ற ராகந்தான் என்னுது" என்றாள் வெய்-ஜென்.

"பாதி போட்டு வெச்சதுன்னா மீதியையும் போட்டு வெச்சிருக்க எவ்வளவு நேரமாகும்?"

யூ-சின் திருட்டுத்தனமாக இரண்டு ஊர்க் கச்சேரிகளைப் பதிவு செய்து, வீட்டில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டாள். ஒரே பாட்டுதான், ஆனால் ஒன்றில் ராகம் இழுத்து நின்றது, மற்றொன்றில் முன்னால் ஓடிவிட்டது. கொஞ்சம் திகைத்தாள். பிறகு, 'ரெண்டு மூணு பதிவு வெச்சிருப்பா, மாத்தி மாத்திப் போடுறா' என்று தனக்குத் தானே சொல்லி நிம்மதியானாள்.

ஒரு நாள் மழைக்காக லாரிக்கடியில் ஒதுங்கியபோது வாய்விட்டே கேட்டாள். "ஒரே ஒரு தடவை போனை என் கையில குடேன்."

"உன் ஹெட்ஃபோனை நீ யாருக்காவது குடுத்திருக்கியா?"

"அது வேற."

"என்ன வேற? தைனான்ல ஒருத்தன் 'கொஞ்சம் பாத்துக்கிறேன்'னு சொல்லி லேப்டாப்புல இருந்த மொத்தத்தையும் நகல் எடுத்துட்டுப் போனான். இப்ப கல்யாண வீடுகள்ல அவன்தான் பெரிய ஆளு. அன்னையிலிருந்து என் பொருளை யார் கையிலும் குடுக்கிறதில்ல." சட்டையிலிருந்து மழைநீரைப் பிழிந்தாள். "இத்தனை வருஷம் பாட்டுக்கு ஆடினேன். எவளும் ஒரு கேள்வி கேக்கல. இப்ப ஆட்டத்துக்குப் பாட்டு வருது. பாக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியலன்னா நான் என்ன அக்கா பண்ணுவேன்?"

தைனான் கதையையும் யூ-சின் நம்பவில்லை.

சின்-வேய் என்பது சிப்பி வளர்க்கும் சின்னக் குப்பம். அங்கே வாங்யே சாமி கோயில் திருவிழாவுக்கு லாரி போயிற்று. கடல் வற்றி, சிப்பிக் கழிகள் சேற்றில் பல்போல நின்ற சாயங்கால நேரம். மேடைக்கு எதிரே சிவப்புத் துணி விரித்த வட்ட மேசைகள். சமையல்காரர்கள் ஆவி பறக்கும் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கமிட்டியின் துணைத்தலைவர் ஓங் நேராக ஒலி மேசைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய சிப்பிக்காரர். வெற்றிலைபாக்கில் பல்லெல்லாம் சிவந்திருந்தது. கையில் போன்.

"இதைப் பாத்தியாம்மா? போன்காரி போலின்னு எவனோ வீடியோ போட்டிருக்கான். எங்க ஊரு மொத்தமும் பாத்தாச்சு."

யூ-சின் பார்த்தாள். முகம் தெரியாத யாரோ, வெய்-ஜென் ஆடுவதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் வந்தவ சாமி முன்னாடி வாயை மட்டும் அசைச்சா. அந்த வருஷம் சிப்பி பூரா சூம்பிப் போச்சு. இந்த வருஷமும் அப்படி ஆனா நாங்க வாயில மண்ணுதான். நீதானே சவுண்டுப் பெட்டிக்காரி? உனக்குத் தெரியாம எதுவும் நடக்காது. நெஜமா, போலியா? சொல்லு."

இதே கேள்விக்கு, இதே மாதிரி மேசைக்குப் பின்னால் நின்று, செங்-யிக்காக எத்தனை தடவை "நெஜந்தான்" என்று சொல்லியிருக்கிறாள்! இன்று அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. "போலி" என்று சொல்லவும் கையில் சாட்சி இல்லை.

"ஆட்டம் முடியட்டும், சொல்றேன்" என்றாள்.

வெய்-ஜென் மேடை ஏறினாள். கடல் காற்றில் தோள் துணி படபடத்தது. பாட்டு பாதிக்கு வந்திருக்கும். குழலோசை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. யூ-சின் பிளக் பலகையைப் பார்த்தாள். வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தால் போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பேச்சு அறுந்துவிடும். போலியாக இருந்தால் பாட்டு எதுவும் நடக்காததுபோல ஓடும். அவ்வளவு எளிதான சோதனை. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்றுகூட நினைத்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

பாட்டு நிற்கவுமில்லை, ஓடவுமில்லை. ஏறிக்கொண்டிருந்த சுரம் ஏறிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு கப்பல் சங்குபோல ஒரே நீளமாக ஊதத் தொடங்கியது. கீழே தாளம் மட்டும் தன்பாட்டில் அடித்தது. வெய்-ஜென் கையை இறக்கினாள், சுரம் இறங்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பினாள், அது தேயவில்லை. இரண்டு முறை உதறினாள். பிறகு அசையாமல் நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தே நின்று கத்தினாள். "அடியே பாருங்கடி! இவ நின்னுட்டா, பாட்டு நிக்கல!"

"கையாட்டினா பாட்டாம்! எங்க வீட்டு மின்விசிறியும்தான் ஆடுது, மேடையில ஏத்துங்க!"

சிரிப்பு வெடித்தது. யாரோ வேர்க்கடலைத் தோலை அள்ளி மேடைமேல் வீசினார்கள். ஓங் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

யூ-சின் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பதிவு செய்த பாட்டாக இருந்தால் ராகம் அடுத்த சுரத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தொடங்கு என்ற சேதி வந்துவிட்டது. நிறுத்து என்ற சேதி வழியில் அறுந்துபோய்விட்டது. அதை அனுப்ப வேண்டிய கை அந்த மேடைமேல் தொங்கிக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாளும் அவள்தான் வாசித்திருக்கிறாள். யூ-சின்னுக்கு அது நிஜம் என்று காட்டிய அதே சத்தம், ஊருக்கு அவளைப் போலி என்று காட்டிவிட்டது.

வெய்-ஜென் லேப்டாப்பைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் அவள் கண் கம்பி வழியாகவே இறங்கி வந்து, அணைந்த பச்சை விளக்கில் நின்று, சுவிட்சின் மேலிருந்த யூ-சின்னின் விரலுக்கு வந்தது.

சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். காற்று, கூட்டம், வைஃபை கோளாறு என்று எதையாவது சொல்லலாம், ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. யூ-சின் சுவிட்சைப் போட்டாள். பிறகு அறிவிப்பு மைக்கை எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் கரண்டை அணைச்சேன். போலின்னு நினைச்சு அணைச்சேன். போலி இல்ல."

 கூட்டத்தின் இரைச்சல் இன்னும் பலமாகக் கிளம்பியது. "ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! மாட்டிக்கிட்டதும் கதை அளக்குறாளுக!" பாங் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "மைக்கை வை. உனக்கு என்ன பைத்தியமா? என் பொழப்பைக் கெடுக்கவே வந்தியா?"

ஓங் மேடைப் படியில் ஏறிவிட்டார். சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார். "அந்தப் போனை இதுல கட்டு."

"தர மாட்டேன்" என்றாள் வெய்-ஜென்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கீழே சத்தம்.

"குடுத்துடு வெய்-ஜென்" என்றாள் யூ-சின்.

"உன் பேச்சை நான் கேக்கணுமா இப்ப?" அவள் பட்டி கட்டிய மணிக்கட்டை மறுகையால் பொத்திக்கொண்டாள். ஆனாலும் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டியை அவிழ்த்து, ஓங்கின் தடித்த மணிக்கட்டில் ரத்தம் கட்டும்படி இறுக்கினாள். வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. ஊதிக்கொண்டிருந்த சங்கை லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள். "ம். தூக்குங்க."

ஓங் சாமிக்குச் சூடம் காட்டுகிறவர்போல மெதுவாகக் கையைத் தூக்கினார். குழல் எழுந்தது. பயந்துபோய்க் கையைத் தொப்பென்று போட்டார். சத்தம் அடிவயிற்றுக்கு இறங்கி உறுமியது. ஊர் மூச்சைப் பிடித்தது. ஓங் இன்னொரு முறை தூக்கினார், சாய்த்தார், கடைசியில் சிப்பிக்குள் கத்தியைச் செருகித் திறக்கிற அதே வெட்டில் மணிக்கட்டைச் சுண்டினார். கீச்சென்று ஒரு சுரம் துள்ளியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுண்டினார், மறுபடி சுண்டினார். காதால் கேட்க முடியாத கண்றாவிப் பாட்டு; ஆனால் யார் பாட்டு என்பதில் இனி யாருக்கும் ஐயம் இல்லை.

"வீட்டுல ஒரு தட்டு எடுத்து வைக்க வராத கை! அங்க ஆடுற ஆட்டத்தைப் பாரு!" என்று அவர் மனைவி மேசையிலிருந்து கூவினாள். குப்பமே உருண்டு சிரித்தது.

"லாரிக்கு அடியில எவனாவது ஒளிஞ்சிருக்கானான்னு பாருங்கடா!" என்றார் ஓங், இன்னும் சுண்டிக்கொண்டே.

இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். "நாய் ஒண்ணு தூங்குது தலைவரே!"

அதற்குப் பிறகு சிப்பி உரிக்கும் பெண்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். பந்தியில் இறால் ஆறிப்போனதைக்கூட ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் வெய்-ஜென் தன் போனைத் திரும்பக் கட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். இப்போது ஊரே அவள் மணிக்கட்டைப் பார்த்தது. கை தாழ்ந்தபோது எல்லார் தலையும் தாழ்ந்தது. யூ-சின்னும் முதல்முறையாக இரண்டு காதிலும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

கிளம்பும்போது ஓங் வந்தார். "எனக்கென்னமோ இன்னும் முழுசா நம்பிக்கை வரல. ஆனா நல்லா இருந்தது. அடுத்த வருஷமும் வாங்க."

கம்பி சுருட்டும்போது வெய்-ஜென் பக்கத்தில் வந்து நின்றாள். "ராகம் ஓடியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"மைக்குல உன்னைக் காட்டிக் குடுத்திருப்பேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்."

வெய்-ஜென் தலையசைத்தாள். "அதையாவது மறைக்காம சொன்னியே."

"மன்னிச்சுக்கோ."

"இப்ப முடியாது அக்கா."

அடுத்த ஊருக்கு அவள் சொந்தமாக ஒரு பவர் பேங்க் கொண்டுவந்தாள்; வைஃபை பெட்டியை அதோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினாள். யூ-சின் எழுந்து நடந்தால் அவள் கண் கூடவே போகும். சாப்பிட உட்கார்ந்தால் போன்கள் தொடைக்கடியில் போகும். யாரையெல்லாமோ அப்படிப் பார்த்துப் பழகிய யூ-சின்னுக்கு, அந்தப் பார்வையின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகு கூசியது. ஆனால் முகத்தைத் திருப்பாமல் தன் கம்பிகளைச் சுருட்டினாள்.

சீசன் முடியப் போகும்போது, ஒரு மதியம், யூ-சின் தானாகவே சொன்னாள். "உன் கைக்கும் சத்தத்துக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி இருக்கு. நீ கையைப் போட்டு முடிச்ச அப்புறந்தான் மணி விழுது."

"எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் விட்டு வெச்சிருக்க?"

"சத்தம் எங்க தங்கி வருதுன்னு தெரியல" என்றாள் வெய்-ஜென், நிமிராமலே.  பிறகு லேப்டாப்பைத் திறந்து, மேசையின் நடுவில் வைத்தாள். "தொடாத. சொல்லு, நான் பண்றேன்."

இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, சத்தம் எந்த இடத்தில் தங்கி வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். யூ-சின் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். மாற்றி மாற்றிக் கையைச் சுண்டிப் பார்த்தாள். மணி கையோடு ஒட்டி விழத் தொடங்கியபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

பாங் எட்டிப் பார்த்தார். "என்ன, ராசியாயிட்டீங்களா?"

"இல்ல" என்றாள் வெய்-ஜென். "இன்னொரு தடவை கேக்கலாம், அக்கா. அந்தக் குழலும் கொஞ்சம் தாமதமா வர்ற மாதிரி இருக்கு."